தாம்பரம் முதல் டைடல் பார்க் வரை: வழி தேட எந்த அல்காரிதம்?

அக்கா மகள் கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருகிறவர்களுக்கு வழி சொல்லும் ஒரு சின்னச் செயலியைப் புராஜெக்டாக எடுத்திருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "மாமா, டைக்ஸ்ட்ரா போதுமா, இல்ல ஏ ஸ்டார் போடணுமா? ரிவ்யூல மேம் கேட்டா காரணம் சொல்லணும்" என்றாள். இரண்டுமே வழி தேடும் அல்காரிதங்கள், அதாவது கணினிக்குச் சொல்லித்தரும் படிப்படியான செய்முறைகள். நான் பல வருஷமாகச் சென்னையில் தாம்பரத்திலிருந்து டைடல் பார்க் ஐடி வளாகத்துக்குப் போய்வருகிறவன். அந்தப் பாதையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஒரு மாலை முழுக்க இரண்டு பேரும் நோட்டில் கணக்குப் போட்டோம். அன்று பேசியதையும் அப்புறம் எனக்குத் தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வண்டியில் போகிறவருக்கு, ஒரு நகரத்தின் அளவுக்கு, டைக்ஸ்ட்ராவே போதும். ஏ ஸ்டார் இருந்தால் இன்னும் நல்லது. ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகிறவருக்கு இவை இரண்டையும் அப்படியே எடுத்துப் போட்டால் தப்பான வழிதான் கிடைக்கும். அவருக்குக் கால அட்டவணையை நேராகப் படிக்கும் முறை வேண்டும். அதோடு, எந்த அல்காரிதத்தை எடுத்தாலும் அதற்கு நாம் என்ன எண்களைக் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதிக்கு மேல் விஷயம் இருக்கிறது. மாணவர்கள் அல்காரிதத்துக்கு ஒரு மாதமும் எண்களுக்கு ஒரு நாளும் செலவழிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து.

ஊரைக் கிராஃபாக வரைவது

கிராஃப் என்றதும் கட்டம் போட்ட தாளில் வரைந்த வளைகோடு ஞாபகம் வரும். இது வேறு. புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் சேர்ப்பது. கிட்டத்தட்டக் கோலம்தான், ஆனால் இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண் உண்டு. புள்ளியை முனை என்றும், கோட்டை இணைப்பு என்றும், அதன் மேல் எழுதும் எண்ணை எடை என்றும் வைத்துக்கொள்வோம். எடை தூரமாக இருக்கலாம், நிமிடமாக இருக்கலாம், ரூபாயாகவும் இருக்கலாம்.

தாம்பரத்துக்கும் டைடல் பார்க்குக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர். போவதற்கு இப்படியெல்லாம் வழி உண்டு. மின்சார ரயிலில் கிண்டி வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் நேராக டைடல். அல்லது கிண்டியிலிருந்து வேளச்சேரிக்கு பஸ் பிடித்து, அங்கே பறக்கும் ரயில் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) ஏறித் திருவான்மியூரில் இறங்குவது. டைடல் பார்க் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, தாம்பரம் கிழக்கிலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிக்கு பஸ், பிறகு பறக்கும் ரயில். மின்சார ரயிலிலேயே கோட்டை ஸ்டேஷன் வரை போய், அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறி மயிலாப்பூர் வழியாகத் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் ஊரையே சுற்றுகிற மாதிரி இருக்கும். ஆனால் ரோட்டு நெரிசலில் மாட்டாத வழி அது. இது போக, இருசக்கர வண்டி.

கணக்குக்காகச் சில எண்களை எழுதிக்கொண்டோம். இவை நாங்களாக வைத்த எண்கள், அளந்தவை அல்ல. தாம்பரம்–கிண்டி ரயில் 25 நிமிடம். கிண்டி–டைடல் பஸ் 35. கிண்டி–வேளச்சேரி பஸ் 20. தாம்பரம்–மேடவாக்கம் பஸ் 30. மேடவாக்கம்–வேளச்சேரி 25. வேளச்சேரி–டைடல், அதாவது திருவான்மியூர் வரை பறக்கும் ரயிலில் 8.

டைக்ஸ்ட்ரா என்ன சொல்கிறது?

இணைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அகல முதல் தேடல் என்பார்கள். அது கிண்டி வழியாக நேராக டைடல் போகச் சொல்லும், ஏனென்றால் இரண்டே இணைப்பு. கூட்டினால் 60 நிமிடம். வண்டி மாறுவது குறைவு என்பதற்காக மட்டும் இதை எடுக்கலாம். நேரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

டைக்ஸ்ட்ரா நேரத்தைப் பார்க்கும். நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதைக் கண்டுபிடித்தது 1956-ல். தனக்கு நிச்சயமான பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைவீதிக்குப் போயிருந்தார். களைத்துப்போய் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது, பேப்பரும் பேனாவும் இல்லாமல் 20 நிமிடத்தில் மனதுக்குள்ளேயே இதை முடித்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆர்மாக் என்ற புதுக் கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட, கணிதம் தெரியாதவருக்கும் புரிகிற ஒரு கேள்வி அவருக்குத் தேவைப்பட்டது. ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் கிட்டத்து வழி எது என்பதே அந்தக் கேள்வி. காட்டிய வரைபடத்தில் 64 ஊர்கள். கட்டுரையாக அச்சானது 1959-ல். ஆக, நம் தினசரிக் கேள்விதான் அந்த அல்காரிதத்தின் பிறவிக் கேள்வியும்.

செய்கிற விதம் எளிது. இதுவரை தெரிந்த முனைகளில் எது மிகக் கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்து, இதற்கு மேல் இதற்குக் குறைந்த எண் வராது என்று பூட்டிவிட வேண்டும். பிறகு அதிலிருந்து கிளம்பும் இணைப்புகளைப் பார்த்து மற்ற முனைகளின் எண்ணைக் குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டும். எங்கள் கணக்கில் முதலில் தாம்பரம் 0. அங்கிருந்து கிண்டி 25, மேடவாக்கம் 30. சிறியது கிண்டி, அதைப் பூட்டு. கிண்டியிலிருந்து வேளச்சேரி 45, டைடல் 60. அடுத்தது மேடவாக்கம் 30, பூட்டு. அதன் வழியாக வேளச்சேரி 55 வருகிறது, கையில் 45 இருப்பதால் அது வேண்டாம். அடுத்து வேளச்சேரி 45, பூட்டு. அதிலிருந்து டைடல் 53. ஏற்கெனவே இருந்த 60-ஐ அடித்துவிட்டு 53 என்று எழுது. முடிந்தது. கிண்டி வரை ரயில், வேளச்சேரிக்கு பஸ், பிறகு பறக்கும் ரயில்.

"அப்ப ஏழு நிமிஷம் மிச்சம், மாமா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்த வழியில் ஒரு மாதம் போய்விட்டு விட்டவன் நான். ஏன் விட்டேன் என்பதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன், இந்தக் கட்டுரையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

சொந்த வண்டி என்றால்

இங்கே நிலைமை நேரடியானது. காத்திருப்பு கிடையாது, கிளம்புகிற நேரம் நம் கையில். தெருச் சந்திப்புகள் முனைகள், தெருக்கள் இணைப்புகள். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சென்னையின் தெருக்கள் நன்றாகவே வரையப்பட்டிருக்கின்றன, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

டைக்ஸ்ட்ராவின் குறை, அதற்குத் திசை தெரியாது என்பது. தாம்பரத்தில் ஆரம்பித்தால் ஏரியில் கல் போட்ட மாதிரி எல்லாப் பக்கமும் வளையம் விரியும். டைடல் வடகிழக்கில் இருக்க, அது வண்டலூரையும் முடிச்சூரையும் குன்றத்தூரையும் தேடிக்கொண்டிருக்கும். ஏ ஸ்டார் இதைச் சரிசெய்கிறது. 1968-ல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ரஃபேல் மூவரும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. ஷேக்கி என்ற ரோபோ நடமாட வழி தேடிய வேலையில் பிறந்தது அது. இதுவரை வந்த நேரத்தோடு, இனிமேல் ஆகக்கூடிய நேரத்துக்கு ஒரு மதிப்பீட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை சிறியதாக இருக்கும் முனையை முதலில் எடுக்கும். இலக்குக்குப் பக்கமாக இழுக்கும் ஒரு கயிறு கட்டியது மாதிரி.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மதிப்பீடு உண்மையைவிட ஒருபோதும் அதிகமாக இருக்கக் கூடாது. மாணவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். நேர்கோட்டுத் தூரம் 16 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 25 என்று வைத்து 38 நிமிடம் என மதிப்பிட்டால், காலி ரோட்டில் வேகமாகப் போகக்கூடிய ஒரு வழி கண்ணில் படாமல் போகலாம். வரைபடத்தில் எந்தத் தெருவுக்கும் கொடுத்திருக்கும் அதிகபட்ச வேகத்தால் வகுக்க வேண்டும். அது 60 என்றால் 16 நிமிடம். மதிப்பீடு மெலிந்துவிட்டது, தேடல் கொஞ்சம் பரவும், ஆனால் விடை சரியாக இருக்கும்.

நேர்கோடு ஏமாற்றும் இடங்களும் உண்டு. மேடவாக்கத்திலிருந்து துரைப்பாக்கம் போக வேண்டும் என்று வையுங்கள். நேராகக் கோடு போட்டால் நடுவில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஏ ஸ்டார் முதலில் சதுப்பை நோக்கிப் போகும் சந்துபொந்துகளில் எல்லாம் நுழைந்து முட்டி நிற்கும், பிறகுதான் ரேடியல் சாலைக்கோ சோழிங்கநல்லூர் பக்கமோ திரும்பும். விடை தப்பாகாது, ஏ ஸ்டார் மிச்சப்படுத்தும் வேலை மட்டும் குறையும். ஆறு, ரயில் பாதை, விமான நிலையம் என்று குறுக்கே தடை இருக்கும் ஊர்களில் ஏ ஸ்டார் கொடுக்கும் லாபம் இப்படித்தான் ஏறி இறங்கும்.

இன்னும் வேகம் வேண்டும் என்றால் கன்ட்ராக்‌ஷன் ஹையரார்க்கி. 2008-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முக்கியமில்லாத முனைகளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே சுருக்கி, அவற்றைத் தாண்டிக் குறுக்கு இணைப்புகள் போட்டு வைத்துவிடும். நாம் வழி சொல்வதும் இப்படித்தானே: "தெருவ விட்டு ஜிஎஸ்டி ரோடு ஏறிடு, நேரா கத்திப்பாரா வந்துடு, அங்கேருந்து கேளு." நடுவில் வரும் நூறு சந்துகளை யாரும் சொல்வதில்லை. மேற்கு ஐரோப்பாவின் சாலைப் படத்தில் சுமார் 1.8 கோடி முனைகள் இருக்கின்றன. அதில் டைக்ஸ்ட்ராவுக்கு நொடிக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது.

இதற்கு விலை உண்டு. எடை மாறினால் சுருக்கிய வேலையை மறுபடி செய்ய வேண்டும். மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், திருவிழாவுக்கு மாட வீதியை அடைத்தால், காலையில் போட்ட குறுக்கு இணைப்புகள் மாலைக்கு உதவாது. இதற்காகவே எடையை மட்டும் சீக்கிரம் மாற்றிக்கொள்ளும் வகைகள் பின்னால் வந்தன; ஓஎஸ்ஆர்எம் என்ற திறமூல மென்பொருளில் இரண்டு விதமும் இருக்கின்றன. லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்கும் சேவை நடத்துகிறவருக்கு இது அவசியம். கல்லூரிப் புராஜெக்டுக்கு வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். தாம்பரம், வேளச்சேரி, அடையாறு அடங்கிய படத்துக்குச் சாதாரண மடிக்கணினியில் டைக்ஸ்ட்ரா கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வேகம் பற்றாத இடத்தில்தான் வேகத்துக்கு வேலை.

பெல்மன்–ஃபோர்டு என்ற இன்னொரு வழி தேடும் அல்காரிதத்தைப் பற்றியும் கேட்டாள். எடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் டைக்ஸ்ட்ராவின் பூட்டும் தந்திரம் உடைந்துவிடும், அப்போது அது வேண்டும். நேரம் எதிர்மறையாக ஓடாது என்பதால் நமக்குத் தேவைப்படுவதில்லை. ஒரே ஒரு இடம் எனக்குத் தெரியும். மின்சார வண்டியில் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்குகிறோம், எடையாக நிமிடத்துக்குப் பதில் பேட்டரிச் செலவை எழுதுகிறோம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருவதால் அங்கே எண் எதிர்மறையாகும்.

அதே மாதிரி, 2025-ல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு ஒன்று, டைக்ஸ்ட்ரா முறையைப் பல பத்தாண்டுகளாகக் கட்டிப்போட்டிருந்த வரிசைப்படுத்தும் தடையை, அதாவது முனைகளைத் தூரப்படி வரிசைப்படுத்துவதற்கு ஆகும் நேரத்துக்குக் கீழே போக முடியாது என்ற வேக வரம்பை, உடைத்துக் காட்டியது. கோட்பாட்டில் அது பெரிய சாதனை, படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் தாம்பரம் படத்துக்கு அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வண்டிக்கான எடையில் இரண்டு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம். தூரத்தை எடையாக வைத்தால் அல்காரிதம் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போகும்; நிமிடத்தை வையுங்கள். அப்புறம் திருப்பங்கள். நடுவில் தடுப்பு இருக்கும் ரோட்டில் வலது பக்கம் போக அரைக் கிலோமீட்டர் தாண்டி யூ டர்ன் அடித்து வர வேண்டியிருக்கும். சந்திப்பை முனையாக வைத்தால் இதை எழுத இடமே இல்லை. ஒவ்வொரு தெருத் துண்டையும் முனையாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புவதை இணைப்பாக்கினால் திருப்பத்துக்கும் ஒரு எண் கொடுக்கலாம். படம் பெரிதாகும், பரவாயில்லை.

ரயிலும் பஸ்ஸும் மாறுகிறவருக்கு

இப்போது அந்த ஏழு நிமிடத்துக்கு வருவோம். 53 நிமிடம் என்ற விடையில் என்ன இல்லை? காத்திருப்பு இல்லை. நடை இல்லை. வேளச்சேரியில் பஸ் நிற்கும் விஜயநகர் நிறுத்தமும் பறக்கும் ரயில் ஸ்டேஷனும் ஒரே இடம் அல்ல. நடுவில் நல்ல நடை. படத்தில் நாங்கள் இரண்டையும் "வேளச்சேரி" என்று ஒரே புள்ளியாக வைத்துவிட்டோம். அந்த ஒரு புள்ளியில் அத்தனை வியர்வையும் மறைந்துவிட்டது.

அதனால் மணியோடு எழுதிப் பார்த்தோம், இவையும் கணக்குக்காக வைத்த நேரங்கள்தான். காலை 8 மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் இருக்கிறோம். 8:05 ரயில் 8:30-க்குக் கிண்டி. அங்கே 8:38-க்கு வேளச்சேரி பஸ், 8:58-க்கு விஜயநகர். 12 நிமிடம் நடந்தால் 9:10. பறக்கும் ரயில் 9:08-க்குப் போய்விட்டது. அடுத்தது 9:23, திருவான்மியூர் 9:31. மறுபக்கம், கிண்டியிலிருந்து 8:42-க்கு டைடல் பஸ். 35 நிமிடம், 9:17-க்கு வாசலில் இறங்கலாம். டைக்ஸ்ட்ரா ஏழு நிமிடம் லாபம் என்று சொன்ன வழி 14 நிமிடம் நஷ்டம். அவள் நோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைக்ஸ்ட்ராவை இதற்கு வளைக்க முடியாது என்றில்லை. ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒவ்வொரு மணிக்கும் தனி முனையாகப் பிரித்தால் அதே அல்காரிதம் சரியாக வேலை செய்யும். ஆனால் படம் ஊதிப்போகும், எழுதுகிற நிரலும் சிக்கலாகும். இதைவிட நல்ல இரண்டு முறைகள் இருக்கின்றன, இரண்டுமே புதியவை.

ஒன்று, இணைப்பு வருடும் முறை, சுருக்கமாகச் சிஎஸ்ஏ. 2013-ல் கார்ல்ஸ்ரூவிலிருந்து வந்தது. இதில் கிராஃபே வேண்டாம். எந்த வண்டி, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பி, அடுத்த எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒவ்வொரு சிறு ஓட்டத்தையும் ஒரு வரியாக எழுதுவது. எல்லா வரிகளையும் கிளம்பும் நேரப்படி அடுக்குவது. பிறகு மேலிருந்து கீழே ஒரே முறை படிப்பது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கேள்விதான்: இந்த வண்டியில் ஏற்கெனவே இருக்கிறேனா, அல்லது இது கிளம்புவதற்குள் இந்த நிறுத்தத்துக்கு வந்துவிட்டேனா? ஆமாம் என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு வரும் நேரத்தைக் குறித்துக்கொள். நடந்து போகும் வழியையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். நிரல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ரயில்வே டைம்டேபிள் புத்தகத்தை விரல் வைத்துப் படித்த தாத்தாக்கள் செய்தது ஏறத்தாழ இதேதான்.

இன்னொன்று ராப்டர். 2012-ல் டேனியல் டெல்லிங், தாமஸ் பையோர், ரெனாட்டோ வெர்னெக் மூவரும் வெளியிட்டது. இது சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் சுற்றில் ஒரே வண்டியில் எங்கெங்கே, எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்று பார்க்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு வண்டியில், மூன்றாவதில் மூன்று. எங்கள் கணக்கில் முதல் சுற்றில் டைடலுக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் சுற்றில் 9:17. மூன்றாம் சுற்றில் 9:31 வருகிறது, அது மோசமானது என்பதால் தள்ளிவிடும். ஒருவேளை மூன்றாவது 9:05 என்று வந்திருந்தால் இரண்டையும் காட்டும்: "இரண்டு வண்டியில் 9:17, மூன்று வண்டியில் 9:05, எது வேண்டும்?" இது எனக்கு மிகவும் பிடித்த குணம். 12 நிமிடத்துக்காக இன்னொரு முறை படி ஏறி இறங்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பயணிதான். பயண வழி சொல்லும் ஓப்பன்ட்ரிப்பிளானர் மென்பொருளின் இரண்டாம் பதிப்புக்கு அடிப்படையும் ராப்டர்தான்.

எதை எடுப்பது? எழுதுவதற்கு எளிது சிஎஸ்ஏ. முதன்முதலாகச் செய்கிறவர் அதில் ஆரம்பிக்கலாம். வண்டி மாறும் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும் என்றால் ராப்டர். வயதானவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் நான் ராப்டர் பக்கம்தான் நிற்பேன்.

அட்டவணையை எழுதி வைக்கும் வடிவத்துக்கு ஜிடிஎஃப்எஸ் என்று பெயர். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஆரம்பித்த வேலையிலிருந்து வந்தது. முதல் எழுத்து கூகுளைத்தான் குறித்தது, பிறகு "பொது" என்ற பொருள் வரும்படி மாற்றிவிட்டார்கள். நிறுத்தம், தடம், ஓட்டம், நேரம் என்று காற்புள்ளி வைத்துப் பிரித்த சில கோப்புகள், அவ்வளவுதான். எக்ஸெல்லில் திறந்தே பார்க்கலாம்.

அட்டவணைப்படி வராத பஸ்

"மாமா, ட்ரெயினுக்கு சரி. பஸ்ஸுக்கு டைம்டேபிள் யார் பாக்கறா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, புராஜெக்டின் கடினமான பகுதியும் இதுதான்.

15 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 7.5 நிமிடம் காத்திருப்போம் என்று எல்லோரும் பாதியைப் போடுகிறார்கள். பஸ்கள் சரியான இடைவெளியில் வந்தால் அது சரி. ஆனால் நிறுத்தத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், ரொம்ப நேரம் ஒன்றும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். இடைவெளிகள் 5, 5, 5, 45 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். சராசரி இடைவெளி அதே 15. ஆனால் நாம் ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்கும்போது அந்த 45 நிமிட ஓட்டைக்குள் விழும் வாய்ப்பு நாலில் மூன்று பங்கு. விழுந்தால் சராசரி 22.5 நிமிடம், விழாவிட்டால் 2.5. மொத்தச் சராசரி 17.5 நிமிடம். பாதி என்று போட்ட 7.5 எங்கே, 17.5 எங்கே! அல்காரிதம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை அதனால் கண்டுபிடிக்க முடியாது, நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதற்கு வழி, நிறுத்தத்தில் நின்று எழுதுவதுதான். கிண்டியில் காலை 8 முதல் 9 வரை, பத்து வேலை நாள், தனக்கு வேண்டிய தட எண் எப்போது வருகிறது என்று போனில் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் சுலபம். அவளிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது, ஆனால் அந்தப் பட்டியல்தான் புராஜெக்டின் உண்மையான சொத்து.

இதோடு இன்னொன்றும் வருகிறது. அலுவலகத்துக்குப் போகிறவருக்குச் சராசரி பெரிதில்லை, தாமதமாகாமல் போவதே பெரிது. ஒரு வழி சராசரி 70 நிமிடம், ஆனால் பத்தில் ஒரு நாள் 105. இன்னொரு வழி சராசரி 78, எவ்வளவு மோசமானாலும் 88. தேர்வு நாளில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்படியானால் ஒவ்வொரு இணைப்புக்கும் "பத்தில் ஒன்பது நாள் இதற்குள் முடியும்" என்ற எண்ணை எழுதி டைக்ஸ்ட்ராவிடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. சராசரிகளைக் கூட்டலாம், இந்த வகை எண்களைக் கூட்டினால் பொருள் இல்லை. ரயிலும் மோசம், பஸ்ஸும் மோசம் என்று எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வருவது அபூர்வம், அதனால் கூட்டுத்தொகை வீணாக ஊதிப்போகும். மாறுவது அதிகமான வழிகள் அநியாயமாகத் தோற்கும். சில நாளில் இதற்கு நேர்மாறும் நடக்கும்: பெருமழை என்றால் எல்லாமே ஒன்றாகக் கெடும்.

நான் சொன்ன வழி இது. முதலில் சராசரியை வைத்து, ஒரே ஒரு வழிக்குப் பதிலாக முதல் நான்கைந்து வழிகளை எடுக்க வேண்டும். 1971-ல் வெளியான யென் அல்காரிதம் இதற்கென்றே இருக்கிறது. டைக்ஸ்ட்ரா கொடுத்த விடையில் ஒவ்வொரு இணைப்பாக அடைத்துவிட்டு, அடுத்த நல்ல வழி எது என்று மறுபடி மறுபடி தேடும். பிறகு அந்த நான்கைந்தையும் முழு வழியாக, குறித்து வைத்த நாட்களின் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும்: திங்கட்கிழமை இதில் போயிருந்தால் எத்தனை மணி, செவ்வாய்க்கிழமை எத்தனை மணி என்று. மோசமான நாட்களை வரிசையாக அடுக்கினால் எந்த வழியை நம்பலாம் என்று கண்ணுக்கே தெரியும். அல்காரிதம் வடிகட்டிக் கொடுக்கட்டும், கடைசித் தேர்வை நாட்குறிப்பு செய்யட்டும்.

சரி, அவள் எதை எடுத்தாள்? ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ராப்டர். நிறுத்தங்களுக்கு இடையே நடக்கும் வழிகளுக்கு மட்டும் டைக்ஸ்ட்ரா. அந்தச் சிறிய படத்துக்கு ஏ ஸ்டார் கூடத் தேவைப்படவில்லை. பெல்மன்–ஃபோர்டு ஒரு வரியில் மறுப்பாக மட்டும் வருகிறது. யென் பகுதியை இரண்டாம் ரிவ்யூவுக்குத் தள்ளியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடைகளின் கோப்பை எனக்கு அனுப்பியிருந்தாள். கிண்டியில் நடைமேடையிலிருந்து மேம்பாலம் ஏறி பஸ் நிறுத்தத்துக்குப் போகும் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் இரண்டு எண்கள் இருந்தன. ஏனென்று கேட்டேன். "நாலு எனக்கு, பதிமூணு அம்மாவுக்கு. முட்டி வலி இருக்கில்ல மாமா" என்றாள். பதின்மூன்றைப் போட்டு ஓட்டினால் 8:42 டைடல் பஸ் போய்விடுகிறது. அக்காவுக்கு வேறு வழி வருகிறது.